தோல் பந்தும் மண் குவளையும்

புதுக்கோட்டைச் சீமையிலே குன்றாண்டார்கோவில் என்றோர் ஊர் இருக்கிறது. ஊரின் பெயரே அதன் கதையைச் சொல்லிவிடும். குன்றைக் குடைந்து பல்லவர் காலத்திலே ஒரு கோவில் எடுத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அதன் முன்னே தேர் வடிவில் ஒரு மண்டபம் எழுப்பினார்கள். சக்கரம் கல், இழுத்துச் செல்லும் குதிரை கல், தூண்கள் அத்தனையும் கல். ஓடாத தேர், ஆனால் ஓடுவது போன்ற தோற்றம்! கல்லிலே அந்த ஓட்டத்தைக் காட்டிய உளி எவருடைய கையில் இருந்தது? மலையடியிலிருந்து பாறையைப் பெயர்த்துத் தோளில் சுமந்தவர் எவர்? மன்னன் பெயர் கல்வெட்டிலே இருக்கிறது. கொடையின் அளவும் இருக்கிறது. சுமந்தவன் பெயர் இல்லை. குடமுழுக்கு முடிந்த மறுநாள், சுமந்தவர்களுள் எத்தனை பேரால் அந்த வாயிலைத் தாண்ட முடிந்தது என்ற கணக்கும் இல்லை.

சென்ற கோடையில் அவ்வூர்ப் பக்கம் போயிருந்தேன். வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் பத்துப் பதினைந்து பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தனர். மூன்று கம்பு ஊன்றியிருந்தார்கள். ஒருவன் கையில் தென்னை மட்டையைச் செதுக்கிய ஆட்ட மட்டை. நிழலில் நின்று பார்த்தேன். இன்றைய வீரர்களின் பெயர்களைக் கேட்டேன். மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள். “இந்த நாட்டின் முதற்பெரும் பந்து வீச்சாளர் யார், தெரியுமா?” என்றேன். ஒருவருக்கொருவர் முகம் பார்த்துக் கொண்டனர். அவர்கள்மேல் குற்றமில்லை. பள்ளியிலே சொல்லித் தந்தவர் இல்லை. பத்திரிகையிலே எழுதியவரும் மிகச் சிலர். வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குகா 2002ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றிலே விரிவாக எழுதிய பிறகே, படித்தவர்களுக்கும் அந்தப் பெயர் மீண்டும் காதில் விழுந்தது.

பல்வங்கர் பாலு என்பது அந்தப் பெயர்.

பாலு பிறந்தது 1870களின் நடுவில், தார்வாரில். குடும்பத்தின் பூர்வீகம் கொங்கணக் கரையிலே பல்வண் என்ற சிற்றூர்; ஊரின் பெயரே குடும்பப் பெயராயிற்று. குலம், சமார் குலம். தோலைப் பதப்படுத்துவதும், செருப்புத் தைப்பதும், செத்த மாட்டை அகற்றுவதும் இவர்கள் தலைமேல் சாத்திரம் சுமத்திய வேலை. அந்த வேலையைச் செய்வதால் இவர்கள் தீண்டத்தகாதவர். தீண்டத்தகாதவர் ஆனதால் வேறு வேலை கிடையாது! எவ்வளவு ‘நியாயமான’ ஏற்பாடு, பாருங்கள்.

பாலுவின் தந்தை பட்டாளத்தைச் சேர்ந்து பிழைத்தார். மனுநீதி திறக்காத கதவை, வெள்ளையனின் பட்டாளம் தன் தேவைக்காகச் சிறிது திறந்து வைத்திருந்த காலம் அது. அம்பேத்கரின் தந்தையும் அவ்வழி வந்தவரே. பூனாவில் குடியிருந்தபோது, வெள்ளை அதிகாரிகள் ஆடித் தேய்ந்து தூக்கியெறிந்த மட்டையையும் பந்தையும் எடுத்து, பாலுவும் தம்பி சிவராமும் ஆடக் கற்றனர்.

முதல் வேலை, பூனாவில் பார்சிகள் நடத்திய கிரிக்கெட் சங்கத்தில். ஆடுவதற்கன்று, ஆடுகளத்தைப் பெருக்குவதற்கும் உருளை இழுப்பதற்கும். மாதச் சம்பளம் 3 ரூபாய். பின்னர், 1892 வாக்கில், ஐரோப்பியரின் பூனா சங்கத்திலே 4 ரூபாய்க்குச் சேர்ந்தார். களத்தைச் சமன் செய்வது, கோடு கிழிப்பது, பயிற்சி வலை கட்டுவது அவர் பணி. ஓய்ந்த நேரத்தில் உறுப்பினர்களுக்குப் பந்து வீசவும் சொன்னார்கள். வீசினார். இடக்கைச் சுழற்பந்து. மெதுவாக வரும், தரையில் பட்டதும் நினையாத பக்கம் திரும்பும், அடிக்கக் கிளம்பிய மட்டை காற்றை அடிக்கும்.

கிரெய்க் என்றொரு படைத்தலைவர் அந்தச் சங்கத்திலே இருந்தார். அந்நாளில் இந்தியாவிலிருந்த வெள்ளையருள் மட்டை பிடிப்பதில் பெயர் பெற்றவர். மற்றவர் வருமுன்னரே வந்து, பாலுவைப் பந்து வீசச் சொல்லிப் பயிற்சி பெறுவார். தம்மை வீழ்த்தும் ஒவ்வொரு முறையும் எட்டணா பரிசளிப்பார் என்றொரு கதையும் உண்டு. எட்டணாக் கதையைக் காட்டிலும் முக்கியமான செய்தி வேறு. பல நூறு மணி நேரம் பாலு அந்தக் களத்திலே பந்து வீசினார். ஒருநாள்கூட அவர் கையிலே மட்டையைக் கொடுத்ததில்லை. பந்து வீசுவது உழைப்பு, அது வேலையாளுக்கு. மட்டை பிடிப்பது கலை, அது துரைமாருக்கு! நம் ஊரில் நிலத்தை உழுபவன் ஒருவன், விளைச்சலை அளப்பவன் வேறொருவன் அல்லவா? அந்தப் பங்கீட்டை அயல்நாட்டு ஆட்டத்திலும் அப்படியே புகுத்திவிட்டார்கள்.

பாலுவின் திறமை ஊரெல்லாம் பேச்சாயிற்று. பூனாவில் இந்துக்களுக்கும் ஒரு சங்கம் இருந்தது. ஐரோப்பியரைத் தோற்கடிக்க வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் ஆசை. தோற்கடிக்கும் ஆற்றலோ பாலுவின் இடக்கையிலே இருக்கிறது. ஆனால் அந்தக் கை தீண்டத்தகாத கை! என் செய்வது? கூடினர், வாதாடினர். தெலுங்கு உறுப்பினர் சிலர் சேர்த்துக்கொள்ளலாம் என்றனர். பூனாப் பார்ப்பனர் கூடாது என்றனர். பாலுவைச் சேர்க்காவிட்டால் இந்துக்கள் அறிவிலிகளாவர் என்ற பொருளில் கிரெய்க்கே பத்திரிகைக்குச் சொன்னதாக எழுதியிருக்கிறார்கள். சீர்திருத்தத்தின் மீது வந்த காதல் அன்று. தங்களுக்கு ஈடான எதிரியோடு ஆட வேண்டும் என்ற ஆசை. எப்படியோ, ஆசை வென்றது. ஆசாரம் சற்றே ஒதுங்கியது. பாலு சேர்க்கப்பட்டார்.

‘சற்றே’ என்று ஏன் சொன்னேன்? காரணம் உண்டு. களத்திலே பாலு வீசிய பந்தைப் பார்ப்பன வீரர் தொட்டார், பிடித்தார், துடைத்து மீண்டும் அவர் கையிலே கொடுத்தார். பந்தின் மூலமாகத் தீட்டு பரவவில்லை. ஆனால் இடைவேளையில் தேநீர் வந்தபோது, மற்றவர்க்குக் கூடத்தின் உள்ளே பீங்கான் கிண்ணம். பாலுவுக்கு வெளியிலே, குடித்ததும் எறிந்துவிடக்கூடிய மண் குவளை. முகம் கழுவத் தண்ணீர் வேண்டுமென்றால், தீண்டப்படாத வேலையாள் ஒருவர் மூலையிலே வந்து ஊற்ற வேண்டும். உணவு தனித் தட்டிலே, தனி மேசையிலே.

அந்தப் பந்து எதனால் ஆனது என்பதைச் சிறிது எண்ணிப் பாருங்கள் தோழர்களே! கிரிக்கெட் பந்தின் மேலுறை தோல். அதுவும் மாட்டுத் தோல். மாட்டுத் தோலைத் தொட்டதற்காகத்தானே பாலுவின் குலத்தை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள்? அந்தத் தோலையே உருண்டையாக்கிச் சிவப்புச் சாயம் பூசி, கப்பலேற்றிச் சீமையிலிருந்து கொண்டு வந்து கொடுத்தால், கையேந்திப் பிடிக்கிறார்கள், கைதட்டலும் வாங்குகிறார்கள்! தோல் தீட்டில்லை, தோலைப் பதப்படுத்தியவன் தீட்டு. எந்த வேதத்தில், எந்தத் தர்க்கத்தில் இதற்கு விளக்கம் கிடைக்கும்?

பூனாவை மட்டும் குறை கூறி நாம் தப்பித்துக்கொள்ள வழியில்லை. தமிழ்நாட்டிலே சேரன்மாதேவி குருகுலத்தில், தேசபக்தியின் பெயரால் திரட்டிய பணத்தில், பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப்பந்தி போட்டதும், அதனால் 1924–25இல் எழுந்த கிளர்ச்சியும் நாம் அறிந்தவை. தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையை அறியாத தமிழன் உண்டா? பழங்கதை என்று எவரேனும் கூறினால் வெகுதூரம் போக வேண்டாம். குன்றாண்டார்கோவில் இருக்கும் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், 2022 டிசம்பரில், வேங்கைவயல் தாழ்த்தப்பட்ட மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமை நிகழ்ந்தது. அதை விசாரிக்கச் சென்ற அதிகாரிகளுக்கு, பக்கத்து இறையூரின் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருப்பதும் தெரியவந்தது, வழக்குப் பதிவாயிற்று. ஐயனார் கோவிலுக்குள் அம்மக்களை மாவட்ட ஆட்சியரே அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. பாலு வெளியே நின்று தேநீர் குடித்த காலத்துக்கும் இதற்கும் இடையில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

கடல் கடந்தும் இந்த நோய் உண்டு. அங்கே அதற்கு வேறு பெயர். அமெரிக்காவில் கிரிக்கெட்டின் இடத்தை பேஸ்பால் என்ற ஆட்டம் பிடித்திருக்கிறது. அதுவும் மட்டையும் பந்தும் கொண்டதே; அதுவும் தோல் பந்தே. 1884ஆம் ஆண்டு மோசஸ் பிளீட்வுட் வாக்கர் என்ற கருப்பினத்தவர் டொலீடோ நகர அணிக்காகப் பெரிய குழுக்களின் போட்டியில் ஆடினார். அதன்பின் கதவு சாத்தப்பட்டது. கருப்பர் ஆடக்கூடாது என்று சட்டம் எழுதினார்களா? இல்லை. அணி உரிமையாளர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட ‘கனவான்கள் உடன்பாடு’ அது. எழுதாத சட்டந்தான் எங்கும் நெடுநாள் வாழ்கிறது. எழுதியிருந்தால் கிழித்தெறியலாம் அல்லவா?

கதவு சாத்தியவுடன் கருப்பின மக்கள் கைகட்டி நிற்கவில்லை. ரூப் பாஸ்டர் என்ற பந்து வீச்சாளர் 1920ஆம் ஆண்டு கான்சாஸ் நகரில் சங்க உரிமையாளர்களைக் கூட்டி, நீக்ரோ தேசிய லீக் என்ற தனி அமைப்பையே நிறுவினார். ஜாஷ் கிப்சன், சாட்சல் பெய்ஜ் போன்ற மாவீரர்கள் அந்த மரபில் ஆடினர். கிப்சன் 1947 ஜனவரியில் மறைந்தார்; அவருக்குப் பெரிய குழுக்களில் ஒரே ஓர் ஆட்டம்கூடக் கிட்டவில்லை. அவர் மறைந்து மூன்று திங்கள் கழித்து, ஏப்ரல் 15இல், புருக்ளின் அணியின் சட்டையணிந்து ஜாக்கி ராபின்சன் களமிறங்கினார். 63 ஆண்டு இடைவெளி முடிந்தது. எதிரணியினர் ஏசினர், சில ஊர்களில் அவருடைய அணியினர் தங்கிய விடுதியில் அவருக்கு இடமில்லை. பதிலடி கொடுப்பதில்லை என்று அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கியிடம் வாக்களித்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார். அந்த ஆண்டின் சிறந்த புது வீரர் என்ற விருதும், 1949இல் லீக்கின் ஆகச் சிறந்த வீரர் என்ற விருதும் அவரைத் தேடி வந்தன. 2020 டிசம்பரில்தான் பழைய நீக்ரோ லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று அந்நாட்டு ஆட்டத் தலைமை ஒப்புக்கொண்டது. 2024இல் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மட்டை வீச்சுச் சராசரியில் நாட்டின் முதலிடம் கிப்சனுக்கு என்றாயிற்று. செத்து 77 ஆண்டுக்குப் பின் கிடைத்த முதலிடம்!

ராபின்சனுக்கு அரை நூற்றாண்டு முன்னரே, நம் பாலு அந்தப் பாதையில் நடந்துகொண்டிருந்தார். பூனாவை விட்டுப் பம்பாய் சேர்ந்தார். ரயில்வேயில் வேலை, இந்து ஜிம்கானாவுக்காக ஆட்டம். அங்கும் சிலர் முனகினார்கள். அணித்தலைவர் வாதாடிச் சேர்த்துக்கொண்டார்.

அந்நாளைய பம்பாயில் கிரிக்கெட் மதவாரியாக ஆடப்பட்டது என்பதை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பியர் ஓரணி, பார்சிகள் ஓரணி, இந்துக்கள் ஓரணி. 1912 முதல் முஸ்லிம்களும் சேர்ந்து நான்கணிப் போட்டி. இதிலே பாலு யார்? இந்து! கோவில் வாயிலிலே அவர் இந்து அல்லர். குளத்துப் படியிலே இந்து அல்லர். பந்தியிலே இந்து அல்லர். ஐரோப்பியரை வீழ்த்தும்போது மட்டும் இந்து. தலை எண்ணும்போது சேர்ப்பதும் இலை போடும்போது விலக்குவதும் எவ்வளவு பழைய தந்திரம்!

1906 பிப்ரவரியில் இந்துக்களும் ஐரோப்பியரும் மோதினர். இந்துக்கள் முதல் இன்னிங்சில் 242, இரண்டாவதில் 160. ஐரோப்பியர் 191, பின்னர் 102. ஆளும் இனத்தை ஆளப்படுவோர் 109 ஓட்டங்களில் வென்றனர். பாலு எடுத்த விக்கெட்டுகள் இரு இன்னிங்சிலும் சேர்த்து எட்டு. தம்பி சிவராமும் அந்த அணியில் இருந்தார். பம்பாய் கொண்டாடியது. சீர்திருத்தப் பத்திரிகைகள் அந்த வெற்றியிலே வேறொன்றைக் கண்டன: சாதியைச் சற்றே தளர்த்தியதன் கைமேல் பலன் இது என்று எழுதின. உண்மைதான். ஆனால் சாதியைத் தளர்த்தியது வெற்றியின் பொருட்டு. வெற்றி வேண்டாத இடத்தில் தளர்த்த வேண்டிய அவசியமும் இராதே!

1911ஆம் ஆண்டு இந்திய அணி முதன்முதலாக இங்கிலாந்து சென்றது. தலைவர், பாட்டியாலா மகாராசா. முடிசூட்டு விழா நடந்த ஆண்டு அது. மகாராசாவுக்கு விருந்துகளே பெருவேலை. சில ஆட்டங்களில் தலைகாட்டியதோடு சரி. 14 முதல்தர ஆட்டங்களில் அணி 10இல் தோற்றது, வென்றவை இரண்டே. அந்த இரண்டும் எப்படி வந்தன? லெஸ்டர்ஷயரை வென்ற ஆட்டத்தில் பாலு 11 விக்கெட் எடுத்தார். சாமர்செட்டை ஒரே விக்கெட் மிச்சத்தில் வென்றபோது, கடைசிவரை நின்று 113 ஓட்டம் எடுத்தவர் சிவராம். மகாராசாவின் அணிக்குக் கிடைத்த இரண்டு வெற்றிகளிலும் முன்னின்றவர்கள் செருப்புத் தைக்கும் குலத்தின் பிள்ளைகள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்டு வீரர்களை ஒரே இன்னிங்சில் பாலு வீழ்த்தினார். பயணம் முழுவதும் எல்லா ஆட்டங்களிலுமாக அவர் எடுத்த விக்கெட் 114. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்தை எட்டியிருந்தது. தோள் வலியோடு வீசினார்.

திரும்பி வந்தவரைப் பம்பாயின் தாழ்த்தப்பட்ட மக்கள் கூடி வரவேற்றனர். அந்த வரவேற்புரையை ஆக்கியவர் பம்பாய்க் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர். பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் என்பது அவர் பெயர். பின்னாளில் அரசியல் சட்டத்தை வரைந்த கை, அன்று ஒரு பந்து வீச்சாளருக்குப் பாராட்டிதழ் வரைந்தது. பள்ளி வகுப்பிலே சாக்குத் துணியில் தனியே உட்கார்ந்த சிறுவனுக்கு, தன்னைப் போன்ற ஒருவர் வெள்ளையர் நாட்டிலேயே வெள்ளையரை வென்று வந்தார் என்ற செய்தி எப்படி இனித்திருக்கும்!

இத்தனை செய்தவருக்கு அணித்தலைமை கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அனுபவத்தில் மூத்தவர், ஆற்றலில் முதல்வர். ஆயினும் ஆண்டுதோறும் தலைமை அவரைச் சுற்றிக்கொண்டு வேறொருவரிடம் போயிற்று. 1913இல் தலைவரான பை என்ற பார்ப்பனர், இந்த மதிப்பு என் நண்பர் பாலுவுக்குச் சேர வேண்டியது என்று மேடையிலேயே சொன்னார். நேர்மையான சொல், பாராட்டுவோம். ஆனால் சொன்னவர் தலைவராக இருந்தார். சொல்லப்பட்டவர் பந்து வீச்சாளராகவே இருந்தார்.

இங்கேதான் இவ்வரலாற்றின் சூட்சுமம் இருக்கிறது. ஆடுவதற்கு அழைத்தார்கள், ஆள்வதற்கு அழைக்கவில்லை. உன் கை வேண்டும், உன் தோள் வேண்டும்; உன் மூளை வேண்டாம். நீ வெற்றி தேடித் தா. உன் சொல்லுக்கு நாங்கள் கட்டுப்படமாட்டோம். பார்ப்பன வீரன் ஒருவனைப் பார்த்து, நீ அங்கே நில் என்று ஒரு சமார் கைகாட்டுவதா? மண் குவளையைக் கைவிட ஒப்பியவர்களும் இதற்கு ஒப்பவில்லை.

அப்படிப்பட்ட கோட்டையை அசைத்தது எது? விண்ணப்பம் அன்று, வெளியேற்றம். 1920ஆம் ஆண்டு நான்கணிப் போட்டி நெருங்கியது. பை நோயுற்றிருந்தார். பாலுவை அணியிலிருந்தே நீக்கினர். அவருக்கு மூன்று தம்பியர் உண்டு. கண்பதி இளமையிலேயே மறைந்தவர். எஞ்சிய சிவராமும் வித்தலும் அந்நாளில் அணியின் தூண்கள். வித்தலுக்காவது தலைமை வந்திருக்க வேண்டும். பூனாவின் தியோதர் என்ற பார்ப்பன வீரருக்குக் கொடுத்தார்கள். தியோதர் சிறந்த ஆட்டக்காரர், பின்னாளில் பெரும்புகழ் பெற்றார், அதில் ஐயமில்லை. ஆனால் அன்று அவர் இச்சகோதரரினும் அனுபவத்தில் இளையவர். தம்பியர் இருவரும் அணியை விட்டு விலகினர். சும்மா விலகவில்லை, சாதியின் காரணமாகவே தாங்கள் ஒதுக்கப்பட்டதாகப் பத்திரிகையில் அறிக்கை வெளியிட்டு விலகினர்.

நாடெங்கும் ஒத்துழையாமை பேசப்பட்ட ஆண்டு அது. வெள்ளையனோடு ஒத்துழையாமை பேசியவர்களுக்கு, சாதியோடு ஒத்துழையாமை என்னவென்பதை இரு கிரிக்கெட் வீரர்கள் காட்டிவிட்டனர்! பொதுமக்களின் ஆதரவு சகோதரர் பக்கம் திரும்பியது. இறுதி ஆட்டத்துக்கு முன் நிர்வாகத்தார் இறங்கி வந்தனர். பை திரும்பி வந்து தலைமை ஏற்றார், தம்பியர் திரும்பினர், பாலு துணைத்தலைவர் ஆக்கப்பட்டார். ஆட்டத்தினிடையே பை களத்தைவிட்டு வெளியேறினார். அந்த நேரம் முழுவதும் அணியை நடத்தியவர் பாலு. நாற்பத்தைந்து வயது, தலைமுடி நரைத்திருக்கும். கொஞ்ச நேரமேனும் பார்ப்பனரும் மற்றவரும் அவர் கைகாட்டிய இடத்திலே போய் நின்றனர்.

மூன்றாண்டு கழித்து, 1923இல், வித்தல் முறைப்படி அணித்தலைவரானார். அவ்வாண்டே இந்துக்கள் வாகை சூடினர். 1925இலும் 1926இலும் அவ்வாறே. வித்தல் தலைமையேற்ற மறு ஆண்டுதான், 1924இல், வைக்கத்திலே கோவிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது. பெரியார் சிறை சென்றார். பம்பாயிலே தாழ்த்தப்பட்டவர் தலைமையில் பார்ப்பனர் ஆடுகிறார். வைக்கத்திலே தெருவில் கால் வைக்கக்கூடாது. இரண்டும் ஒரே நாடு, ஏறத்தாழ ஒரே ஆண்டு.

அமெரிக்காவிலும் கடைசியாகத் திறந்த கதவு அதுவே. ஆடுவதற்குக் கருப்பர் வந்து 25 ஆண்டாயிற்று. அணியை நடத்தும் பொறுப்பிலே ஒருவரும் இல்லை. 1972 அக்டோபர் 15இல், ராபின்சனுக்குப் பெருங்கூட்டத்தின் நடுவே பாராட்டு நடந்தது. நீரிழிவால் கண்பார்வை மங்கி, தளர்ந்திருந்த அவர், நன்றி சொன்ன கையோடு, அணியை நடத்தும் இடத்தில் ஒரு கருப்பு முகத்தையும் பார்க்க விரும்புகிறேன் என்றார். ஒன்பது நாளில் இறந்தார். 1975இல் பிராங்க் ராபின்சன் என்பார் கிளீவ்லாண்ட் அணியின் பொறுப்பை ஏற்றார். அதைப் பார்க்க ஜாக்கி இல்லை.

இனி எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. எனினும் மறைப்பது வரலாறாகாது. பாலு அரசியலில் நுழைந்தார். 1932 செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுள் அவரும் ஒருவர். அந்தத் தாளில் நம்மவரான இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா ஆகியோர் பெயரும் உள்ளன. தாழ்த்தப்பட்டோர் தனித்தொகுதியை விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் அது. பாலு, ராஜாவைப் போலவே, கூட்டுத்தொகுதியின் பக்கம் நின்றவர். பின்னர் 1937 தேர்தலிலே பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்து யாரை நிறுத்துவது என்று காங்கிரசு தேடியது. பாலுவை நிறுத்தியது! இருபத்தைந்து ஆண்டுக்கு முன்னே யாருக்கு வரவேற்புரை எழுதினாரோ, அவரையே எதிர்த்து அம்பேத்கர் வாக்குக் கேட்க வேண்டியதாயிற்று. அம்பேத்கர் 13,245 வாக்குகள், பாலு 11,225. அம்பேத்கர் வென்றார்.

பாலுவின் மீது சினம் கொள்ள மனம் வரவில்லை. ஏற்கவும் மனம் வரவில்லை. வாழ்நாள் முழுவதும், சிறிது சிறிதாக, உயர்சாதியாரின் ஒப்புதலால் கதவு திறந்ததைக் கண்டவர் அவர், மனமாற்றத்தை நம்பினார். கதவே வேண்டாம், புது வீடு கட்டுவோம் என்றவர் அம்பேத்கர். ஆனால் பாலுவைத் தேடிச் சென்றவர்களின் நோக்கம் வேறு. தாழ்த்தப்பட்டோரின் தலைவரை வீழ்த்தத் தாழ்த்தப்பட்டோரின் வீரர் அவர்களுக்குத் தேவைப்பட்டார். அதே சதுரங்கத்தை அமெரிக்காவிலும் ஆடினர். பாடகர் பால் ராப்சன், ஆட்சியாளரின் நிறவெறியைத் துணிந்து சாடியபோது, அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல 1949 ஜூலையில் நாடாளுமன்றக் குழு அழைத்தது யாரை? ஜாக்கி ராபின்சனை! அவரும் சென்றார், பேசினார். முதுமையில் ராப்சனிடம் தமக்கு மதிப்பு வளர்ந்ததைத் தம் நூலில் எழுதி வைத்தார். பாலு அப்படி ஏதும் எழுதி வைக்கவில்லை. தன் வரலாறு எழுதியவர் தம்பி வித்தல், மராத்தியில், 1948இல்.

1955 ஜூலை 4இல் பாலு பம்பாயில் இறந்தார். இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடிய 1932இல் அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. ஆகவே டெஸ்ட் வீரர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பட்டியலை மட்டும் படிப்பவர்களுக்கு அவர் பிறக்கவே இல்லை.

கண்மாய்க் கரையில் அந்தப் பையன்களுக்கு இவ்வளவையும் சொல்லவில்லை; பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. 4 ரூபாய்ச் சம்பளத்தையும், கிரெய்க்கையும், மண் குவளையையும், இங்கிலாந்தையும் சொன்னேன். மண் குவளைக்கு அவர்களிடம் விளக்கம் தேவைப்படவில்லை. கம்பைப் பிடுங்கிக்கொண்டிருந்த ஒருவன் மட்டும் கேட்டான்: “அந்தத் துரைமாருங்க கடைசிவரைக்கும் அவருக்கு மட்டையே கொடுக்கலையா, ஐயா?”

பூனாவில் கொடுக்கவில்லை என்றேன். வெளியே வந்து அவரே பிடித்தார். முதல்தர ஆட்டங்கள் 33. வீழ்த்திய விக்கெட் 179. மட்டையால் எடுத்த ஓட்டம் 753.